மேடை ஏற இ-பாஸ் கிடையாதா?

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போக வேண்டுமென்றால் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் இதுதான் நடைமுறை. வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று சகலத்தையும் பதிவு செய்துவிட்டு, வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியில் கைப்பேசியை நீட்டிக் காட்டிய பிறகுதான் ஊருக்குள் நுழைய முடியும். மலை தாங்க வேண்டுமே, நியாயம்தான். ஆனால் அதே ஊரில், அன்று இரவே, என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. மணிக்கட்டைப் பிடித்தால் போதும்.

மலை விடுதிகளில் இது ஒரு தொற்றுநோயாகவே பரவிவிட்டது. அறை வாடகையோடு 'கேம்ப் ஃபயர் இலவசம்' என்று போட்டிருப்பார்கள். நாம் என்ன நினைப்போம்? கட்டை எரியும், சுற்றி உட்கார்ந்து குளிர் காயலாம், கையில் சூடாகத் தேநீர், பிள்ளைகள் சோளம் வாட்டட்டும். வத்தலக்குண்டிலிருந்து அத்தனை வளைவிலும் குடல் புரண்டு வந்தவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? போய்ப் பார்த்தால் நெருப்பு ஓர் ஓரத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள், பலகை அடித்த சிறு மேடை, கலர் விளக்கு, மைக்கோடு ஒரு தம்பி. "எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்கிறான். நாம் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லையாம், இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். பக்கத்துச் சோலையில் படுத்திருக்கும் காட்டுமாடுகளும் எங்கள் நலம் அறிய வேண்டும் போலிருக்கிறது.

இந்தத் தம்பிகளின் கண் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் சிலர் 'எங்களைக் கூப்பிடு' என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். ஆடவும் தெரியும், ஆசையும் இருக்கிறது. அவர்களைச் சீண்டவே இல்லை. வருகிறேன் என்கிறவனை மேடையேற்றினால் என்ன சிரிப்பு வந்துவிடப் போகிறது? ஆகவே கண் கடைசி வரிசைக்குத் தாவுகிறது. தலையைக் குனிந்தவர், கைப்பேசியில் ஏதோ அவசரம் என்று நடிப்பவர், மனைவியின் சால்வைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இவர்களில் ஒருவர்தான் அன்றைய பலியாடு. "அதோ, குரங்குக் குல்லா போட்ட அண்ணா! பக்கத்தில் அண்ணியா? இரண்டு பேருக்கும் பலத்த கைதட்டல்!"

விளையாட்டு இதுதான். மேடையில் ஒரு நாளிதழை விரிப்பார்கள். பாட்டு ஓடும்போது கணவனும் மனைவியும் அதைச் சுற்றி ஆட வேண்டும். பாட்டு நின்றதும் தாளின்மேல் ஏறி நிற்க வேண்டும், ஒரு விரல்கூட வெளியே படக் கூடாது. அடுத்த சுற்றுக்குத் தாளைப் பாதியாக மடிப்பார்கள். அதற்கடுத்து அதிலும் பாதி. கடைசியில் கைக்குட்டை அளவுக்கு வந்துவிடும். அப்போது கணவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், முன்பின் தெரியாத கூட்டம் சீட்டியடிக்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. படி இறங்கவே கைப்பிடியைத் தேடுகிறவள். பனியில் பலகை வேறு ஈரமாகக் கிடந்தது. மூன்றாவது மடிப்பில் என் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டு, உதடு அசையாமல், "வேண்டாம், இறங்கிவிடலாம்" என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அதுவும் ஒலிபெருக்கியில் போய்விட்டது. கூட்டம் அதற்கும் சிரித்தது. "அண்ணி வெட்கப்படுகிறார்கள்!" என்று தம்பி விளக்கவுரை வேறு சொன்னான். வெட்கம் இல்லையப்பா, முழங்கால்!

"மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே?" என்று ஊருக்கு வந்தபின் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சொல்லிப் பாருங்கள், தெரியும். தலையை ஆட்டி மறுத்தேன், 'அண்ணாவுக்குக் கூச்சம்' என்றான். வாய்விட்டு மறுத்தேன், கைதட்டச் சொல்லிக் கூட்டத்தை ஏவிவிட்டான். கூட வந்த மைத்துனர் பிள்ளைகளே "போங்கள் மாமா, போங்கள்" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார்கள். அதற்கு மேலும் மறுக்கிறவன் எல்லோருடைய சந்தோஷத்திலும் மண்ணள்ளிப் போட்ட உம்மணாமூஞ்சி. இது தெரிந்துதானே கேட்கிறார்கள்? அருகில் வந்து காதோடு கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேன் என்பதால்தான் ஊருக்கே கேட்கும்படி மைக்கில் கேட்கிறார்கள்.

சின்ன வயதில் பஸ் நிலையத்தில் மோடி மஸ்தான் வித்தை பார்த்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. கூட்டத்திலிருந்து ஒரு பையனைப் பிடித்துப் படுக்கவைத்துத் துணியால் மூடுவான். பாதியில் எவனாவது நகர்ந்தால் இரத்தம் கக்கிச் சாவான் என்று மிரட்டுவான். அந்தப் பையன் பெரும்பாலும் அவனுடைய சொந்த ஆளாகவே இருப்பான், அந்த மட்டில் அது ஒரு தொழில் நேர்மை. நாமும் ஓசியில்தானே நின்று பார்த்தோம். இங்கே ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, வேடிக்கைப் பொருளாகவும் நானே போய் நிற்க வேண்டியிருக்கிறது. இரத்தம் கக்குவதற்குப் பதில் கைதட்டல், அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்க்க வந்தவர்களை வம்புக்கு இழுப்பது நம் கலைகளில் இல்லாததா என்று யாராவது கிளம்புவார்கள். உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசையில் தூங்கி வழிகிற பெரியவர் வரை யாரையும் விடமாட்டான். ஆனால் அவன் பாடுவான், ஆடுவான், எல்லோருக்கும் முன்னால் தன்னைத்தான் கோமாளியாக்கிக்கொள்வான். வம்புக்குத்தான் இழுப்பான், கையைப் பிடித்து இழுக்கமாட்டான். மே மாதக் கோடை விழாவில் பிரையண்ட் பூங்காவில் கரகாட்டம் பார்த்திருக்கிறேன். கொடைக் குளிரில், தலையில் குடம் அசையாமல் என்னமாய் ஆடினார்கள்! 'நீ ஆடு, நான் பார்க்கிறேன்' என்று குடத்தை யார் தலையிலும் இறக்கவில்லை.

அந்தத் தம்பியை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. பாடுகிறவரையோ வித்தை காட்டுகிறவரையோ அழைத்தால் காசு கொடுக்க வேண்டும். விருந்தாளியையே ஆடவிட்டால் ஒரு மைக்கும் ஒரு பழைய நாளிதழும் போதும். இதுதான் நிர்வாகத்தின் கணக்கு. இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்து, 'மேடை ஏற விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதுங்கள்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? அந்தக் கல்லூரிப் பையன்கள் முதல் ஆளாய் எழுதியிருப்பார்கள். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது இரவு 10 மணிக்குமேல் வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிதான்.

மறுநாள் அறையைக் காலி செய்யப் போனால் வரவேற்பு மேசையில் மேலாளர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். "சார், நேற்று அமர்க்களப்படுத்திவிட்டீர்கள்! எங்கள் விடுதியின் இணையப் பக்கத்தில் வீடியோ போட்டிருக்கிறோம்." கைப்பேசித் திரையில் என் மனைவி தடுமாறுகிறாள். அவள் தலைக்குமேல் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் பொம்மை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்றேன். "நன்றாகத்தானே சார் வந்திருக்கிறது?" என்றார். அதை எடுக்கும்வரை அறைச் சாவி கிடையாது என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் மேசைக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தேன். பில் கட்ட வந்த குடும்பங்கள் பின்னால் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சார், எல்லோரும் பார்க்கிறார்கள், உள்ளே வாருங்கள், தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்றார். தனியாகக் கேட்பது எப்படி என்று அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. வீடியோ போன பிறகுதான் சாவி போனது.