டிசம்பரில் இலங்கை போகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறைக்கு மின்னேரியாவில் யானைக்கூட்டம், திருகோணமலையில் திமிங்கிலம் என்று உங்கள் இலங்கைப் பயணக் கட்டுரையில் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் அந்த மாதம் சரிவராது. எங்கள் ராமநாதபுரம் கரைக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளையும் நனைக்கிறது. மின்னேரியா என்பது மகாசேன மன்னன் கட்டிய பெரிய குளம், எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் வற்றி, ஓரத்தில் புல் முளைக்கும்போதுதான் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஆகஸ்ட், செப்டம்பர்தான் அதற்கு உச்சம். டிசம்பர் மழையில் குளம் நிரம்பிவிட்டால் அவை காட்டுக்குள் பிரிந்து போய்விடும். திருகோணமலைக் கடலும் அப்போது கொந்தளிக்கும். அங்கே திமிங்கிலம் பார்க்க மே முதல் ஆகஸ்ட் வரை நல்லது.

டிசம்பரில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் தெற்கே மிரிஸ்ஸ போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் கடல் அமைதி, நீலத் திமிங்கிலத்தையே பார்க்கலாம். ஆனால் திமிங்கிலத்தைத் துரத்தாமல் தள்ளி நிற்கும் படகா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல படம் வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை மிரட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. சிறுத்தைக்கு எல்லோரும் யால தேசியப் பூங்கா என்பார்கள். ஜீப் நெரிசல் பிடிக்காதவர்களுக்கு வில்பத்து தேசியப் பூங்கா மேல். அப்புறம், பூநாரைக்காக மட்டும் மன்னார் போக வேண்டாம். குளிர்காலத்தில் அது தனுஷ்கோடிக்கே வருகிறது.