டொயோட்டா 86: ஒலி வேறு, திறன் வேறு

டொயோட்டா 86 காரின் பின்புற சைலன்சரை மாற்றினாலே ஒலியும் திறனும் ஒருசேரக் கூடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதில் பாதிதான் சரி. 2012இல் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சினில் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் எஞ்சின்), நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 சுழற்சி (ஆர்பிஎம்) அளவில் டார்க் எனும் சுழற்றும் விசை தொய்வதை ஓட்டியவர்கள் நன்கறிவர். சைலன்சரை மட்டும் மாற்றுவதால் அந்தத் தொய்வு நீங்குவதில்லை. சிலிண்டர்களிலிருந்து வரும் புகை ஒன்றுசேரும் ஹெடரை மாற்றி, அதற்கேற்ப எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவையும் டியூன் செய்தால்தான் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்புகிறது. தொழிற்சாலை ஹெடரிலேயே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இணைந்திருப்பதால், அதை அடியோடு நீக்கும் ஹெடர்களும் கிடைக்கின்றன. காற்றை நஞ்சாக்கும் அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒலிக்காக மட்டும் மாற்ற விரும்புவோர், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் காதைக் குடையும் தாழ்சுருதி இரைச்சலை அடக்க, ரெசனேட்டர் என்ற ஒலித்தணிப்பான் உள்ள அமைப்பையே வாங்க வேண்டும்.