மரபணுவின் பெயரைத் தேதியாக்கிய எக்செல்

2020 ஆகஸ்டில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, ஓராண்டுக்குள் 27 மரபணுக்களின் பெயர்களை மாற்றியது. எக்செல் என்ற அட்டவணை மென்பொருள் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். 'மார்ச்1' என்பது 'மார்ச்எஃப்1' ஆனது, 'செப்ட்1' என்பது 'செப்டின்1' ஆனது. ஒரு மென்பொருளுக்காக அறிவியல் பணிந்துபோவதா என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குழு செய்தது முற்றிலும் சரி. ஆனால், பெயர் மாறிவிட்டதால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. இதே கோளாறு நம் ஊர் அலுவலகங்களிலும் அன்றாடம் நடக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எக்செல் அட்டவணையின் ஒரு செல்லில், அதாவது கட்டத்தில், 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரை இட்டு என்டர் தட்டினால், எக்செல் அதை செப்டம்பர் 2 என்று புரிந்துகொள்கிறது. நாம் இட்ட எழுத்துகள் அந்த நொடியே போய்விடுகின்றன. அந்த இடத்தில் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணப்பட்ட ஒரு நாள் எண் உட்கார்ந்துகொள்கிறது. 2020-ல் இட்டிருந்தால் 44076, 2021-ல் இட்டிருந்தால் 44441. தேதி வேண்டாம் என்று செல்லின் ஃபார்மேட்டை டெக்ஸ்ட்டுக்கு மாற்றினால் இந்த எண்தான் வெளியே வரும், பெயர் வராது. ஒரே மரபணு இரண்டு வருடங்களில் இரண்டு எண்களாக நிற்கும்.

நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வரும் அடையாள எண்களின் கதி இன்னும் மோசம். '2310009ஈ13' என்பது ஒரு மாதிரியின் அடையாளம். எக்செல் கண்ணுக்கு அது பத்தின் அடுக்கு, எனவே 2.31ஈ+19 என்று காட்டும். இதை அப்படியே சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக, சேமித்தால், திரையில் தெரிவதுதான் ஃபைலுக்குள் எழுதப்படும். 0009 என்ற பகுதி அதோடு தொலைந்தது.

இது அரிதாக நடக்கும் விபத்தும் இல்லை. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த 3,597 கட்டுரைகளைச் சோதித்தது. 704 கட்டுரைகளில் பெயர்கள் சிதைந்திருந்தன, ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் மீண்டும் பெரிய அளவில் பார்த்தபோது அது சுமார் 31 சதவீதமாக இருந்தது. இத்தனைக்கும் இந்தக் கோளாறைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 2004-லேயே வந்துவிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் பொதுவாக வெளியிட்டது 2023-ல். பத்தொன்பது வருடம்! இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் எடுபடாது என்பதே என் எண்ணம்.

இங்கிலாந்தில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறவில்லை. ஆய்வகங்கள் சிஎஸ்வியாக அனுப்பியதை, அங்குள்ள சுகாதார அதிகாரிகள் எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளோடு நின்றுவிடும். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் 10,48,576 வரிகள் தாங்கும். ஒரு நோயாளிக்குப் பல வரிகள் ஆனதால் ஃபைல் சீக்கிரமே நிரம்பியது, மீதி அப்படியே விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை நாட்கணக்கில் தள்ளிப்போனது. வந்த வரி எத்தனை, ஏறிய வரி எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே சிக்கியிருக்கும்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான். எது எண், எது பெயர், எது தேதி என்று அதற்குள் எந்தக் குறிப்பும் இருக்காது. திறக்கும் மென்பொருள்தான் ஊகிக்கிறது. இரட்டைச் சொடுக்கில் திறந்தீர்கள் என்றால் அந்த ஊகத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டீர்கள். சென்னையின் 044-ல் முன்னால் உள்ள சுழியம் போய் 44 ஆகும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். தேதி இன்னும் வஞ்சகமானது. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் நாம் ஏப்ரல் 3 என்று நினைத்த 03/04/2024 மார்ச் 4 ஆகிவிடும், 13-ஆம் மாதம் இல்லாததால் 13/04/2024 மட்டும் மாறாமல் எழுத்தாகவே நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்பதைக் கண்டால், தேதியாக மாறி வலப்பக்கம் போனவைதான் பெரும்பாலும் கெட்டுப்போனவை. நம் கண் இடப்பக்கம் இருப்பதையே சந்தேகப்படும்.

சரியாகத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எக்செல்லில் வெற்று ஷீட்டைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுங்கள். வரும் பெட்டியில் ஃபைல் ஆரிஜினை 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று வையுங்கள், தமிழ்ப் பெயர்கள் கொசகொசவென்று வராமல் இருக்க இதுதான் வழி. பக்கத்தில் உள்ள டேட்டா டைப் டிடெக்‌ஷனில் 'டு நாட் டிடெக்ட்' தேர்ந்தெடுத்துப் பிறகு லோட் செய்யுங்கள். லிப்ரே ஆபிஸில் சிஎஸ்வியைத் திறந்தாலே பெட்டி வரும், நெடுவரிசையைத் தேர்ந்து 'டெக்ஸ்ட்' கொடுத்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்யும்போது, எண்ணாகவும் தேதியாகவும் மாற்றச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

புதிய எக்செல்லில் ஆப்ஷன்ஸுக்குள் 'டேட்டா' பகுதியில் தானியங்கி மாற்றங்களை அணைக்கலாம். ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும். அதே ஃபைலை வாங்குபவர் தன் கணினியில் இரட்டைச் சொடுக்கினால் பழைய கதைதான். திருப்பிச் சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். சாதாரண 'சிஎஸ்வி' என்று கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவும் சுலபமான வழி உண்டு. பெயர் மட்டுமே இருக்க வேண்டிய நெடுவரிசைக்கு 'கவுண்ட்' ஃபார்முலா போடுங்கள். அது எண்களை மட்டும்தான் எண்ணும், தேதியும் அதற்கு எண்தான். விடை சுழியம் வர வேண்டும். ஐந்து வந்தால் ஐந்து பெயர்கள் போய்விட்டன என்று பொருள். அந்த செல்களைக் கையால் திருத்தாதீர்கள், மூல ஃபைலை எடுத்து மேலே சொன்ன முறையில் மறுபடி ஏற்றுங்கள். மூல ஃபைலிலேயே சேமித்துவிட்டிருந்தால் அனுப்பியவரிடம் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை.

தரவு வெளியிடும் துறைகளிடமும் ஆய்வாளர்களிடமும் நான் கேட்பது இதுதான்: ஃபைலோடு ஒரு சின்னக் குறிப்பும் வையுங்கள். மொத்தம் எத்தனை வரி, எந்த நெடுவரிசை எழுத்து, எது எண், தேதியில் எது முதலில், நாளா மாதமா. தேதியை 2024-04-03 என்று வருடம் முதலில் வரும்படி எழுதினால் நாளா மாதமா என்ற குழப்பமே வராது.