என் ஹெரால்டு எடைக்குப் போடுகிற இரும்பு இல்லை

நேற்று ஒருவர் வந்து, விற்கப் போட்டிருக்கும் என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு எடை போட்டு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கிலோ 30 ரூபாயாம். ஹெரால்டு சுமார் 800 கிலோ, ஆக 24,000. "ஒரு ஆயிரம் சேர்த்து இருபத்தஞ்சா வெச்சுக்குங்ண்ணா" என்றார், ஏதோ எனக்கு உதவி செய்கிற முகத்தோடு. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இப்போது மணி விடிகாலை நாலரை. இதை எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பாதி வேலையில் நிற்கும் பழைய காரை விற்கப் பார்த்த எல்லோருக்கும் இந்த ஆட்களைத் தெரியும். விளம்பரம் போட்ட பத்தாவது நிமிஷம் போன் வரும். "லாஸ்ட் எவ்வளவு?" வணக்கம் கிடையாது. என்ன மாடல், இஞ்சின் சுற்றுகிறதா, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, ஒன்றும் கேட்க மாட்டார்கள். முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்: வண்டி ஓடாது, பெயிண்ட் அடிக்கவில்லை, வயரிங் இல்லை, சீட் இல்லை. அதைப் பார்த்துவிட்டு 19 பேர் கேட்ட முதல் கேள்வி, "ஓடுமா சார்?" ஒருவர் புல்லட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார். இன்னொருவர் கல்யாண ஊர்வலத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை வேண்டும் என்றார். கதவே மாட்டாத காரில் எந்த மாப்பிள்ளையை உட்கார வைப்பார்?

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நேற்று நடந்ததைப் பொறுக்க முடியாது.

காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். கூட அவருடைய மாமா, இரண்டு நண்பர்கள். "மாமாவுக்கு வண்டியப் பத்தி எல்லாம் தெரியுங்ண்ணா, அவர் பாத்துச் சொன்னா சரி" என்றார். மாமா ஷெட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், பிரைமர் அடித்து வைத்திருந்த மட்கார்டில் மோதிர விரலால் தட்டியது. டொக், டொக், டொக். "பட்டி நிறைய இருக்கு." பட்டி என்றால் பள்ளத்தையும் துருவையும் மறைக்கப் பூசுகிற பசை. அங்கே ஒரு துளி பட்டி இல்லை! அந்த மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகரத்தைக் கையால் தட்டி வளைத்து ஒட்டியவர் என் டிங்கர். பதினோரு நாள் வேலை அது. போட்டோ காட்டினேன். மாமா பார்க்கவே இல்லை.

அப்புறம் பானெட். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். கீல் மூக்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து தூக்கினால், மட்கார்டு, முகப்பு எல்லாமே மொத்தமாக எழுந்து முன்னால் சாயும். இஞ்சினும் முன் சக்கரமும் அப்படியே வெளியே நிற்கும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஹெரால்டைத் தொட்டவர் எவருக்கும் தெரிந்த விஷயம். மாமா முன்னால் போய் மூக்கைப் பிடித்து மேலே இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். நான் "இருங்க, இருங்க" என்று ஓடி வருவதற்குள் கீல் பக்கம் கிரீச்சென்று சத்தம். பிறகு நான் சரியாகத் திறந்து காட்டினேன். மாமா மருமகனைப் பார்த்துச் சொன்னார்: "பானெட்டைத் தலைகீழா மாட்டியிருக்காங்க. ஆக்சிடென்ட் வண்டி."

ஆக்சிடென்ட் வண்டியா? 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த நாளிலிருந்து அந்தக் கார் அப்படித்தான் திறக்கிறது. இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த கார். 1961-லிருந்து நம் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த கார். டாக்டர்கள், வக்கீல்கள், காலேஜ் வாத்தியார்கள் எத்தனை பேர் இதே பானெட்டைக் கவிழ்த்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்! இதை நான் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். மாமா அதற்குள் வண்டிக்கு அடியில் குனிந்துவிட்டார்.

குனிந்தவர் போல்ட்டுகளைப் பார்த்துவிட்டார். நிமிர்ந்து ஒரே வார்த்தை சொன்னார். "கட் அண்ட் ஜாயின்ட்."

பழைய கார் வாங்கி விற்கிறவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். இரண்டு அடிபட்ட வண்டிகளை வெட்டி, நல்ல பாதி இரண்டையும் ஒட்டி விற்கிற திருட்டுத்தனத்துக்குப் பெயர் அது. என்னை அப்படிச் சொல்லிவிட்டார், என் ஷெட்டிலேயே நின்றுகொண்டு, என் வீட்டுக் காபியைக் குடித்த வாயால்.

ஹெரால்டு பிறந்ததே துண்டு துண்டாகத்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இதைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லாமல் போனதால், பாடியைச் சின்னச் சின்னப் பாகங்களாகப் பிரித்து, சேஸி என்கிற தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். அதனால்தான் அங்கே போல்ட் இருக்கிறது. அதனால்தான் ஒரு சாதாரண ஷெட்டில் செயின் பிளாக்கும் நாலு கையும் இருந்தால் இந்தக் காரைக் கழற்றி மாட்ட முடிகிறது. அந்தக் காரின் மொத்த அழகே அதுதான்! இத்தனையும் சொல்லி முடித்தேன். "எங்க ஊர்ல இப்படி இல்லைங்க" என்றார் மாமா. எந்த ஊர்? எந்த ஊரில் ஹெரால்டு வேறு மாதிரி இருக்கிறது?

அத்தோடு விட்டாரா? என் மேஜையிலிருந்து 13 எம்.எம். ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டில் போட்டுத் திருகிப் பார்த்தார், "கழலுதா பாக்கலாம்" என்று. அது அரை இஞ்ச் ஸ்பேனர் போடுகிற போல்ட். இந்தக் காரில் எல்லாமே இஞ்ச் கணக்கு. 13 எம்.எம். அதில் கொஞ்சம் லூஸாக உட்காரும், அழுத்தினால் முனை மழுங்கிவிடும். மழுங்கிவிட்டது. புதிதாக வாங்கிப் போட்ட போல்ட்.

இதற்கிடையே நண்பர்கள் இருவரும் அட்டைப் பெட்டிகளுக்குள் கையை விட்டிருந்தார்கள். 34 பெட்டி. ஒவ்வொன்றிலும் எந்தப் பாகம், எந்தப் பக்கம், எத்தனை போல்ட் என்று எழுதி ஒட்டியிருந்தேன். கழற்றும்போதே எழுதி வைக்காவிட்டால் நாலு வருஷம் கழித்துக் கடவுளே வந்தாலும் மாட்ட முடியாது. ஒரு நண்பர் இடது கதவுப் பெட்டியையும் வலது கதவுப் பெட்டியையும் ஒரே நியூஸ்பேப்பரில் கொட்டினார். கொட்டி, கிளறி, பழைய கதவுக் கைப்பிடி ஒன்றை எடுத்து, "இது பித்தளையா?" என்று கேட்டார். திரும்பப் போடும்போது இரண்டையும் ஒரே பெட்டியில் அள்ளிப் போட்டார். இன்னொருவர் பின்கதவு பீடிங்கை கவரிலிருந்து உருவி இழுத்துப் பார்த்தார், ரப்பர் நல்லதா என்று. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அது கிடையவே கிடையாது. முன் சக்கரம் திரும்புகிற மூட்டான டிரன்னியன், பிரேக் சிலிண்டர், கேஸ்கெட் எல்லாம் அங்கிருந்து இன்றும் வரவழைக்கலாம், சுங்க வரி கட்டினால் வீட்டு வாசலுக்கு வரும். பின்கதவு சாமான் வராது. சென்னையில் புதுப்பேட்டை, இங்கே கோவையில் உக்கடம் என்று மூன்று வருஷம் அலைந்து சேர்த்தது அந்த பீடிங்.

மூன்று மணிக்குக் கணக்குப் போட உட்கார்ந்தார் மருமகன். போனை எடுத்து என் எதிரிலேயே தட்டினார். "ஓடுற ஹெரால்டு மூணு லட்சத்துக்குக் கிடைக்குதுங்ண்ணா. அதுல பெயிண்டுக்கு ஒண்ணு இருபது கழிங்க. வயரிங் நாப்பது. சீட்டு, உள்வேலை அம்பத்தஞ்சு. டயர் இருபத்தஞ்சு. கண்ணாடி, ஆர்.சி. செலவு முப்பத்தஞ்சு. மிச்சம் இருபத்தஞ்சாயிரம். பழைய இரும்புக் கணக்குப் பாத்தாலும் அதே ரேட்டுதான் வருது பாருங்க."

இந்தக் கணக்குதான் என் வயிற்றை எரிய வைக்கிறது. செய்ய வேண்டிய வேலைக்குப் பெரிய கடை கூலி, முழு ரேட்டில் கழிக்கிறார். செய்து முடித்த வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. 948 சி.சி. இஞ்சினை இறக்கி ரீபோர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, பேரிங் மாற்றி மூடி வைத்திருக்கிறேன். 72,000. சேஸியை மொட்டையாக்கி சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பாடியைத் தாங்குகிற, துருப்பிடித்து அழுகிய பக்கக் கைகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்தது 38,000. பிரேக் மொத்தமும் புதிது, 26,000. டிங்கர் கூலியும் தகரமும் இதுவரை 1,40,000. வண்டியை 60,000-க்கு வாங்கினேன். ஆக 3,36,000. நான் கேட்டது 2,25,000. செலவு செய்ததெல்லாம் திரும்ப வராது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் ஒரு லட்சத்துக்கு மேல் விட்டுக் கேட்டேன். என் ஞாயிற்றுக்கிழமைகளை அதில் சேர்க்கவே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு விலை இல்லை என்பதுதான் இந்தச் சந்தையின் சட்டம். மூடிய இஞ்சினுக்குள் புது பிஸ்டன் இருக்கிறது, வெளியே இருந்து பார்த்தால் பழைய இரும்பு. துருவை வெட்டிப் புதுத் தகரம் வைத்த இடம் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது, அதனால் குறை. அதே துருவை வெட்டாமல் மேலே பட்டி பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் "சூப்பர் கண்டிஷன்" என்று சொல்லிக் கேட்ட விலையைக் கொடுத்திருப்பார்கள். ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பும், அது அப்புறம்.

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த ஹெரால்டைப் போய்ப் பார்த்தேன். பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. சேஸியில் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் உள்ளே போய்விடுகிறது. அது 1,10,000-க்குப் போனது! ஏனென்றால் அது முழுசாக நிற்கிறது. நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், மேலே தூசி. வாங்கியவர் அந்தத் தூசியைத்தான் போட்டோ எடுத்தார். என் வண்டியில் அந்த அழுகலெல்லாம் போய்விட்டது, ஆனால் 34 பெட்டியில் இருக்கிறது. கழற்றியவன் வேலை தெரிந்தவனா, பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பயப்படுவது நியாயம். அந்தப் பயத்துக்காகத்தான் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன், பில்லை எல்லாம் ஃபைல் போட்டேன். ஃபைலைத் திறக்கவில்லை அவர்கள். காபி தம்ளரை அதன் மேல் வைத்தார்கள்.

ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டது. புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிப்போய் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். பாதியில் நிற்கிற வண்டியை எப்படி ஓட்டிப்போவது? இது பாதியில் நிற்கும் எல்லா வண்டிக்கும் உள்ள சிக்கல், என் குற்றம் இல்லை. அதற்கும் மாமா ஒன்று வைத்திருந்தார்: "ஸ்கிராப் பாலிசி வந்துருச்சு. கவர்ன்மென்டே உடைக்கத்தான் சொல்லுது." ஐயா, அந்த பாலிசி வந்த அதே 2021-இல் அதே மத்திய அரசுதான் 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனியாக வின்டேஜ் பதிவு கொண்டுவந்தது. வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது, சேஸி, பாடி, இஞ்சின் எல்லாம் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். என் வண்டி 1969. அதற்காகத்தான் ஏ.சி. போடவில்லை, மாருதி இஞ்சின் வைக்கவில்லை, எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். போகும்போது மருமகன், "யோசிச்சுச் சொல்லுங்ண்ணா, வேற யாரும் இந்த ரேட்டுக்கு எடுக்க மாட்டாங்க" என்றார். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மெசேஜ்: "அண்ணா, வண்டி வேண்டாம். அந்த ஸ்டியரிங்கும் நாலு வீல் கப்பும் மட்டும் 2,000-க்குக் குடுப்பீங்களா? வீட்ல ஷோவுக்கு வைக்க."

கொடுக்க மாட்டேன். ஒரு வாஷர்கூடக் கொடுக்க மாட்டேன். ஷெட் வாடகை மாதம் 3,000 கழுத்தை நெரிக்கிறது, இடத்துக்காரர் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார், ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். போன ஆடியில் என்னிடமிருந்து இஞ்ச் ஸ்பேனர் செட்டை "ஒரே ஒரு நாள்" என்று வாங்கிக்கொண்டு போனவர் இதைப் படிப்பார் என்று தெரியும். தினமும் எனக்குக் குட் மார்னிங் படம் அனுப்புகிறீர்கள், பூவோடு. பூ வேண்டாம். நேற்று மழுங்கிய போல்ட்டை நான் இன்றைக்குக் கழற்றியாக வேண்டும், அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர் உங்களிடம் இருக்கிறது. எட்டு மாதம் ஆகிறது. விடிந்ததும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறேன், எடுத்து வையுங்கள்.