யூதாஸ் காசுக்காகத்தான் பண்ணான்னு யாரு சொன்னா?

அந்த பாஸ்டர் வீடியோவ இந்நேரம் எல்லாரும் பாத்திருப்பீங்க, எனக்கே நாலஞ்சு குரூப்ல இருந்து வந்துருச்சு, அதனால என்ன பேசினாருன்னு முழுசா எழுதல. முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவர் இயேசுவையே வித்த சீஷன் யூதாஸ் இன்னைக்கும் சபைக்குள்ள கேள்வி கேட்டுக்கிட்டு திரியுறானாம். அதுக்குக் கீழ எத்தனை ஆமென், எத்தனை அல்லேலூயா. ரொம்ப சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். யூதாஸ் காசுக்காகத்தான் காட்டிக்கொடுத்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?

"வேதம் சொல்லுது"ன்னு உடனே வருவீங்க. சரி, வேதத்துல எங்க? மாற்கு 14 எடுங்க. நாலு சுவிசேஷத்துல முதல்ல எழுதினது அதுதான்னு பெரும்பாலான வேத அறிஞர்கள் சொல்றாங்க. அதுல யூதாஸ் பிரதான ஆசாரியர்கிட்ட போறான், அவங்க சந்தோஷப்பட்டு அவங்களாவே பணம் தர்றோம்ங்கிறாங்க, இவன் கேட்டதா ஒரு எழுத்து கிடையாது. ஏன் போனான்னு மாற்கு வாயே திறக்கல. "எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்"னு யூதாஸ் கேக்குறது மத்தேயுல மட்டும்தான், முப்பதுங்கிற கணக்கும் அங்க மட்டும்தான். லூக்காவும் பேரம் முடிஞ்சத சொல்றாரு, ஆனா அதுக்கு முன்னாடியே சாத்தான் புகுந்தான்னு சொல்லிடுறாரு. யோவான்ல சாத்தான் உண்டு, சீஷர்களோட பொதுப் பணப்பைய வச்சிருந்து அதுல இருந்து திருடுவான்னு உண்டு, ஆனா காட்டிக்கொடுக்குறதுக்கு காசு வாங்கினான்னு ஒரு வரி கிடையாது. நம்பலன்னா ராத்திரி உக்காந்து தேடிப் பாருங்க.

அந்த முப்பதையும்தான் கொஞ்சம் பாப்போமே. யாத்திராகமம் 21ல ஒருத்தனோட மாடு அடிமைய முட்டிக் கொன்னுட்டா எஜமானுக்குக் கட்ட வேண்டிய தொகை முப்பது சேக்கல் வெள்ளி. சகரியா 11ல மேய்ப்பனுக்கு எடை போட்டுக் குடுக்குற கூலி முப்பது, அதத் தூக்கி குயவன்கிட்ட எறியச் சொல்றாரு கர்த்தர். மத்தேயு எழுதும்போது மனசுல ஓடுறது இதெல்லாம். ஆண்டவர ஒரு அடிமை விலைக்கு மதிச்சாங்களேங்கிற வயித்தெரிச்சல்ல எழுதுறாரு, யூதாசோட பேராசைக்கு ரசீது போடல.

இன்னொண்ணு. அந்த வெள்ளிக்காச சேக்கல்னு வச்சுக்கிட்டா முப்பதும் சேந்து அந்தக் காலத்து கூலியாளுக்கு கிட்டத்தட்ட நாலு மாச சம்பளம். பெத்தானியா ஊர்ல ஒரு அம்மா இயேசு மேல ஊத்தின நளதம்ங்கிற வாசனைத் தைலம் முந்நூறு பணம், ஒரு வருஷ சம்பளம் வரும். திருடன்னே வச்சுக்குவோம், பை மொத்தமும் இவன் கைலதான் இருக்கு, கேக்குறதுக்கு ஆள் கிடையாது, காட்டிக்கொடுக்க கடைசி ராப்போஜனத்துல இருந்து எந்திரிச்சுப் போகும்போது கூட மத்தவங்க பண்டிகைக்கு ஏதோ வாங்கப் போறான்னுதான் நெனச்சாங்க, அவ்வளவு நம்பிக்கை. அப்படி ஒரு இடத்த நாலு மாச கூலிக்கு எந்தத் திருடன் விட்டுட்டுப் போவான்?

"அப்ப நீ யூதாசுக்கு வக்காலத்தா?" இல்லங்க. அவன் பண்ணது துரோகம், முத்தம் குடுத்துப் பண்ண துரோகம், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. 2006ல வெளியிட்டாங்களே யூதாஸ் சுவிசேஷம்னு, அதத் தூக்கிட்டு வந்து அவன் ஒருத்தன்தான் ஆண்டவர சரியா புரிஞ்சுக்கிட்டவன்னு பேசுறவங்களும் தயவுசெஞ்சு இங்க வராதீங்க, அது ரகசிய ஞானத்தாலதான் மீட்புன்னு சொன்ன ஞானவாதக் கூட்டத்தோட புத்தகம், கி.பி. 180 வாக்குலயே ஆதி சபை பிஷப் ஐரேனியு அப்படி ஒண்ண திட்டி எழுதிட்டாரு. இயேசு ரோமனுக்கு எதிரா ராஜாவா எந்திரிப்பாருன்னு யூதாஸ் எதிர்பார்த்து ஏமாந்திருக்கலாம், நெருக்கினா எந்திரிப்பாருன்னு நெனச்சிருக்கலாம், அதெல்லாமும் ஊகம்தான். நான் சொல்றது ஒண்ணுதான், ஏன் பண்ணான்னு வேதமே ஒரே பதில் சொல்லாத இடத்துல நீங்க மைக்கப் புடிச்சு முடிவு சொல்லாதீங்க. அவன் எப்படி செத்தான்ங்கிறதுல கூட மத்தேயு தூக்கு மாட்டிக்கிட்டான்ங்கிறாரு, அப்போஸ்தலர் நடபடிகள்ல தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சான்னு இருக்கு. இயேசுவ தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்ச பேதுருவுக்கு மட்டும் பாவம், பயந்துட்டாருன்னு சொல்லத் தெரியுது உங்களுக்கு.

"சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோவம்"னு நேத்தே ஒரு அண்ணன் இன்பாக்ஸ்ல கேட்டாரு. சொல்றேன். எங்க சபைல கட்டட நிதி கணக்க போர்டுல ஒட்டுங்கன்னு எங்கப்பா கமிட்டில கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. ஒரு மூப்பர் எந்திரிச்சு, "யூதாசும் இப்படித்தான்யா காசு காசுன்னு பேசினான்"னு சொல்ல, மொத்த கமிட்டியும் சிரிச்சுச்சு, சபை போதகர் ஐயரும் சேந்துதான் சிரிச்சாரு. அடேய், யூதாஸ் கணக்கு கேட்டவன் இல்லடா, பைய கைல வச்சிருந்தவன்! இத அன்னைக்கு சொல்ல யாருக்கும் வாய் வரல. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையக் கூட கழட்டாம ஈசிசேர்ல உக்காந்துட்டாரு, அம்மா சாப்பாடு போட்டு மூடி வச்சது அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கோயிலுக்குப் போனாரு, கடைசி பெஞ்சுல உக்காந்து ஆசீர்வாதம் முடியுறதுக்குள்ள வெளிய வந்துருவாரு. உங்களுக்கு இது சின்ன விஷயம்.

அந்த வீடியோக்காரரு மத்தேயு 26 வரைக்கும் வாசிச்சுட்டு நிறுத்திட்டாரு. 27 யாரு வாசிப்பா? தப்பு பண்ணிட்டேன், குற்றமில்லாத ரத்தம்னு யூதாஸ் காசத் திருப்பிக் கொண்டு போறான். ஆசாரியனுங்க என்ன சொன்னானுங்க? "எங்களுக்கென்ன, அது உன்பாடு." வாங்க மாட்டேங்கிறானுங்க, அவன் தேவாலயத்துலயே எறிஞ்சுட்டுப் போறான். உடனே இவனுங்களுக்கு நியாயப்பிரமாணம் ஞாபகம் வந்துருது, ரத்தக்காசு, காணிக்கைப் பெட்டில போடக்கூடாதாம்! அத எடுத்துக் குடுத்ததே இவனுங்கதான்! அந்தக் காசுக்கு குயவன் நிலத்த வாங்கி அந்நியர அடக்கம் பண்ண விட்டாங்களாம், தர்மகாரியம். இதுக்கு ஒரு ரீல்ஸ் போடுங்க பாஸ்டர், பாப்போம்.

அன்ஃப்ரெண்ட் பண்றவங்க தாராளமா பண்ணுங்க. கட்டடம் எழும்பி பிரதிஷ்டையும் ஆயிருச்சு, கல்வெட்டுல அந்த மூப்பர் பேரு ரெண்டாவதா இருக்கு. கணக்கு இன்னும் போர்டுக்கு வரல.