பிட்கீப்பரால் ஜிபிஎல் போகவில்லை
"மூடிய மென்பொருளான பிட்கீப்பரில் வைத்திருந்ததால் லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் உரிமமே கேள்விக்குறியானது, அதனால்தான் கிட் வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (பிட்கீப்பர், கிட் இரண்டும் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவிகள்; கெர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி; ஜிபிஎல் என்பது நிரலை யாரும் பார்க்க, மாற்ற, பகிர அனுமதிக்கும் உரிமம்.) முதல் பாதி தவறுங்க. 2002 முதல் 2005 வரை கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பரைப் பயன்படுத்தியபோதும் கெர்னலின் உரிமம் ஜிபிஎல் பதிப்பு 2தான். நிரலை எந்தக் கருவியில் வைத்திருக்கிறோம் என்பது அதன் உரிமத்தை மாற்றாது.

சிக்கல் வந்தது கருவியின் உரிமத்தால். போட்டிக் கருவி உருவாக்குபவர்கள் இலவசப் பிட்கீப்பரைத் தொடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற நிரலர் பிட்கீப்பர் சர்வரோடு பேசும் மென்பொருளைத் தானே எழுதப்போக (சர்வரோடு நேரடியாக எழுத்தில் பேச உதவும் டெல்நெட்டில் 'ஹெல்ப்' என்று தட்டியதுதான் ஆரம்பம்!), 2005 ஏப்ரலில் இலவசப் பதிப்பு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம்தான் லினஸ் கிட் எழுத உட்கார்ந்தார். பிட்கீப்பரே 2016-ல் அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்துக்கு மாறிவிட்டது, அது தனிக்கதை.