‘தசைக்கே மூளை உண்டு’: சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்தி தவறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் குடும்பக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தசைக்குள்ளேயே மூளை இருக்கிறதாம். பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சி வேண்டாம், எண்ணெய் தேய்த்தாலே கை வந்துவிடும்.” கூடவே ஒரு தவளைப் படம். என் பெரியம்மாவும் அனுப்பியிருந்தார்.

தவளை நிஜம்தான், முடிவுதான் தப்பு. 1991இல் நரம்பியல் ஆய்வாளர் எமிலியோ பிட்ஸி குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: மூளைத் தொடர்பு அறுந்த தவளையின் தண்டுவடத்தில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டினால், கால் எங்கே இருந்தாலும் ஒரே புள்ளியை நோக்கி இழுக்கும். கட்டளை வந்தது தண்டுவடத்திலிருந்து, தசையிலிருந்து இல்லை. தசைகள் கூட்டாக இயங்குவது பற்றிய ஆய்வு அது. மனித நடையில் பல தசைகளின் வேலையை 5 அடிப்படை இயக்க வடிவங்களுக்குள் பெரும்பாலும் அடக்கலாம் என்று 2004இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி’யிலும் ஒரு கட்டுரை வந்தது. இரண்டையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

சரி, பக்கவாதத்துக்கு வருவோம். அதில் அடிபடுவது மூளை. டீ கோப்பையை எடுக்கத் தோளைத் தூக்கினால் பலருக்கு முழங்கை தானாக மடங்கிக்கொள்ளும், விரல்களும் சுருளும். தோளும் முழங்கையும் சேர்ந்தே இழுக்கும் அந்தப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கத்தான் பிசியோதெரபி பயிற்சி. எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்த்துவிடுங்கள். ஆனால் பயிற்சியை நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் சிகிச்சை தருபவரிடமே கேளுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.